எண்ணிக்கொண்டே அழுதவள்

அத்தியாயம் பதினாறு

"உங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு போல."

நேற்று மாலை கைபேசியில் வந்து விழுந்த இந்த ஒரு வரியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு பாப்பா பதினொரு முறை திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். முதல் நான்கு முறை மணி அடித்து ஓய்ந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அனுப்பியவள் மூஞ்சி.

முதல் இதழிலிருந்து கூட வருகிறவர்களுக்கு மூஞ்சியைத் தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக இரண்டு வார்த்தை. மூஞ்சி ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி. ஆறு வருஷமாக, வாரத்துக்கு ஆறு நாள், எட்டரை மணிக்கு அழுகிறவள். ஆனால் அழுகிற சத்தம் அவளுடையது அல்ல. டப்பிங் அறையின் அரை இருட்டில் நின்றுகொண்டு, திரையில் அசையும் அந்த உதடுகளுக்குப் பாப்பாதான் குரல் கொடுக்கிறாள்.

அதனால் ஒருத்தி மூஞ்சி, மற்றவள் தொண்டை. அவர்களே வைத்துக்கொண்ட பெயர்கள். "நீ இல்லாட்டி நான் தொட்டி மீன்டி. வாயைத் தொறந்து தொறந்து மூடிட்டுப் போய்ச் சேருவேன்" என்பாள் மூஞ்சி.

வீட்டில் தொண்டையின் பெயர் பாப்பா. வயது நாற்பத்தொன்று. அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்றே பேர் இருக்கிற வீட்டில் வேறு குழந்தை வராததால் அந்தப் பதவி அவளிடமே தங்கிவிட்டது. அண்ணன்தான் அந்தத் தொடருக்கு வசனம் எழுதுகிறவர். ஆக, அண்ணன் எழுதுவார், மூஞ்சி உதட்டை அசைப்பாள், பாப்பா பேசுவாள். அந்த மூன்று பேர் வேலையும் இன்று மாலையோடு ஒரு கட்டத்துக்கு வருகிறது. முதல் சீசனின் கடைசிப் பகுதி இன்றைக்கு.

காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்கு அடியில், அந்தக் கடைசிக் காட்சியின் வசனத்தாள் கிடந்தது. பாப்பா வழக்கமாக வீட்டில் தாளைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே படித்தால் அழுகை பழசாகிவிடும் என்பது அவள் எண்ணம். இன்று எடுத்துப் பார்த்தாள்.

காட்சி இதுதான். கதாநாயகி ரொம்ப வருஷம் கழித்துத் தன் சிநேகிதியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். நாயகியின் அம்மா கடைசி நாட்களில் அந்தச் சிநேகிதி வீட்டில்தான் இருந்தவள், அங்கேதான் போய்ச்சேர்ந்தவள். சிநேகிதி கேட்கிறாள்: "அன்னைக்கு நீ ஏன் வரல?"

அதற்கு நாயகியின் பதில்:

"போன் அடிச்சது. அம்மான்னு பேர் வந்தது. பார்த்தேன். ரெண்டாவது தடவையும் பார்த்தேன். மூணாவது தடவை நான்தான் அணைச்சேன். உள்ளே விருந்தாளிங்க இருந்தாங்க. சிரிச்ச முகமா நிக்கணும்னு அணைச்சேன்."

பாப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாளை மேசையில் வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

விருந்தாளிகள் மட்டும்தான் புதுசு. மற்றதெல்லாம் மூஞ்சியினுடையது. அந்த மூன்று தடவையும், அந்தப் பெயரும், அணைத்த விரலும்.

அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"பார்த்துட்டியா? எப்படி வந்திருக்கு?"

"அண்ணா, இது மூஞ்சியோடது."

"எது?"

"இந்தப் போன்."

அண்ணன் துண்டை நாற்காலி முதுகில் போட்டார். "போன் எல்லார் வீட்லயும்தான் அடிக்குது, பாப்பா."

"மூணாவது தடவை அணைச்சது அவ."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்க அண்ணிக்குத் தெரியும். டிவி பார்க்கிறவங்களுக்கு அது ஒரு கதை. அவ்வளவுதான்."

"அவளுக்குத் தெரியுமேண்ணா."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அண்ணி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"நான் ஒன்னும் திட்டம் போட்டுச் சொல்லல" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "பத்து நாளா மனுஷன் எழுத வரலன்னு சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். கஷ்டமா இருந்துச்சு. பேச்சுவாக்குல வந்துடுச்சு."

பாப்பா தாளை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"நீயும் அப்படித்தானே என்கிட்ட சொன்ன?" என்றாள் அண்ணி. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

பாப்பா செருப்பைத் தேடினாள்.

"நேத்து ஒரே டேக்ல முடிச்சிட்டாளாம்" என்று அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். "டைரக்டர் ராத்திரியே போன் பண்ணிட்டார். லைட்மேன் எல்லாம் வேலையை விட்டுட்டு நின்னு பார்த்தாங்களாம். பிடிக்காமயா அப்படி நடிச்சா? மனசைப் போட்டுக் குழப்பிக்காம போய்ப் பேசிட்டு வா. உன் வாயில வந்தாதான் அது வசனம்."

*

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பாப்பா நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு மழை நாளை நினைத்துக்கொண்டே போனாள்.

டப்பிங் ஸ்டுடியோவின் வெளிப்படிக்கட்டு. கார் வருவதற்காக மூஞ்சி காத்திருந்தாள். பாப்பா துணைக்கு நின்றாள். எதைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். இந்தத் தொடரின் இரண்டாம் வருஷத்தில், கதையில் மாமியார் செத்துக் கிடக்கிற காட்சி. ஷாட்டுக்கு முன்னால் கையிலிருந்த போன் அடித்தது. அம்மா. அடுத்து அடித்தது. அம்மா. மூன்றாவது முறை அடித்தபோது அவளே அணைத்து மேக்கப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போய் மாமியாரின் மேல் விழுந்து அழுதாள். எல்லோரும் கைதட்டினார்கள். போனைத் திரும்ப வாங்கியபோது அம்மா இல்லை.

"பிணமா நடிச்ச அம்மா எழுந்திரிச்சு எனக்கு ஜூஸ் குடுத்தாங்கடி" என்றாள். "உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

பாப்பா அதை இருபத்திரண்டு நாள் வைத்திருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் மாலை, கட்டிலில் உட்கார்ந்து அண்ணியோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டியா, விளக்கை அணைச்சியா, இவ்வளவுதான். நாள் முழுக்க அடுத்தவள் வாய்க்குப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்கு இருந்தது. சொன்னாள். அண்ணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பார்வை கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. அதற்குத்தான் அவ்வளவும்.

நடத்துனர் தோளில் தட்டினார். "உங்க ஸ்டாப் இல்லையாம்மா? தினம் இங்கதானே இறங்குவீங்க?"

*

ஒலிப்பதிவாளருக்கு மீட்டர் என்று பெயர். எவ்வளவு பெரிய சோகத்திலும் அவர் கண் அந்தப் பச்சை முள்ளை விட்டு நகராது. இருபது வருஷ அனுபவம், அரை வழுக்கை, ஃபிளாஸ்க்கில் கஷாயம்.

"நாலு மணிக்கு சவுண்ட் மிக்ஸிங்குக்குப் போகணும் மேடம். எட்டரைக்கு ஓடணும். இன்னைக்கு மூச்சு விட நேரமில்லை, விட்டாலும் மைக்ல விடாதீங்க."

"சார், எனக்குத் தொண்டை சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நிஜமாவா?"

"சும்மா கேக்கறேன்."

"பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் வேற சீரியலுக்கு அழுதுக்கிட்டு இருக்காங்க. கதவைத் தட்டினா ஒருத்தர் வந்துடுவாங்க. கொஞ்சம் வித்தியாசம் தெரியும். சளின்னு நெனச்சுக்குவாங்க."

ஆக, அவள் பேசாவிட்டாலும் அந்த வரி போகும். மூஞ்சியின் முகத்தோடு, வேறு யாரோ ஒருத்தியின் குரலில், எட்டரை மணிக்கு எல்லா வீட்டுக்கும் போகும். பேச மறுப்பதில் மானம் எதுவும் இல்லை. பாப்பா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் பஞ்சுக்குள் போய்விடும். கடலுக்கடியில் நிறுத்தி வைத்த அறை என்று அவளுக்கு எப்போதும் தோன்றும்.

"பைலட் போடுங்க சார்."

படப்பிடிப்பில் நடிகர்கள் பேசுவதையும் ஒரு மைக் பிடித்து வைக்கும். அதுதான் பைலட். பேசுகிறவர் உதட்டைப் பிடிப்பதற்கான வழிகாட்டி. வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள். ஆறு வருஷமாக மூஞ்சியின் சொந்தக் குரலை மைக் வழியாகக் கேட்டவர்கள் இந்த அறையில் இரண்டே பேர்.

திரையில் வாசல் வந்தது. சிநேகிதி கேட்டாள்: "அன்னைக்கு நீ ஏன் வரல?"

மூஞ்சியின் முகம் நெருக்கத்தில் வந்தது. கண் நிறைந்தது. உதடு நடுங்கித் திறந்தது. ஹெட்போனில் அவள் குரல் கேட்டது.

"ஒன்னு... ரெண்டு... மூணு..."

பாப்பா ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

மூணில் அந்தக் குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். பிறகு, "நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு..." கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. முகம் மெல்லத் திரும்பியது. கேமராவுக்கு முதுகு. முதுகு குலுங்கக் குலுங்கப் பத்தொன்பது வரை எண்ணினாள்.

படம் நின்றது. மீட்டர் பட்டனை அழுத்தினார். "மேடமா இப்படி? நம்ம ஹீரோயின் மேடமா?"

மொழி தெரியாமல் வந்து நடிக்கிறவர்கள் இப்படி எண்ணுவதுண்டு. மனப்பாடம் பண்ணாமல் வந்து நிற்கிறவர்களும் எண்ணுவார்கள். எப்படியும் வேறொருத்தர்தான் பேசப்போகிறார், முகம் வந்தால் போதும் என்று இயக்குநர்களும் விட்டுவிடுவார்கள். ஆனால் மூஞ்சிக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "இட்டு நிரப்புறதுக்கு நான் என்ன ஓட்டை வாளியா?" என்பாள். ஆறு வருஷத்தில் ஒரு வரியைக்கூட அவள் எண்ணியதில்லை.

இந்த வரியை மட்டும் எண்ணியிருக்கிறாள். அதைச் சொல்ல மறுத்து, சண்டையும் போடாமல், ஷூட்டிங்கையும் நிறுத்தாமல், வாயில் ஏற்றிக்கொள்ளாமல் விட்டிருக்கிறாள். அந்த இடம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அதில் எதைப் போட்டாலும் உட்காரும்.

எதைப் போடப்போகிறாய், தொண்டை?

அப்படிக் கேட்பதுபோலத்தான் இருந்தது. கேட்டாளா, இல்லை, கேட்கக்கூடத் தெம்பில்லாமல் எண்ணினாளா, தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் பாப்பா. அப்புறம் இன்னொரு தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி ஒரு பென்சில் வாங்கிக்கொண்டாள். வசனத்தாளைத் திருப்பி வைத்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். வாழ்க்கையில் ஒரு வசனம்கூட எழுதியதில்லை. இரண்டு வரி எழுதி அடித்தாள். மூன்றாவதாக ஒன்று எழுதினாள்.

*

பதினோரு மணிக்கு அண்ணன் வந்துவிட்டார். கடைசிப் பகுதி என்றால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஈரக் குடையை மூலையில் சாத்திவிட்டு மீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"ஆரம்பிக்கவே இல்ல சார்" என்றார் மீட்டர்.

பாப்பா உள்ளே இருந்தபடியே சொன்னாள். "அண்ணா, பைலட்டைக் கேளுங்க."

அவர் கேட்டார். கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பாப்பா பார்த்தாள். ஒன்று, இரண்டு வரை புன்னகை இருந்தது. எட்டுக்கு வரும்போது காது சிவந்துவிட்டது. பட்டனை அழுத்தாமலேயே என்னவோ கத்தினார். பாப்பாவுக்கு உதடு மட்டும் தெரிந்தது. அந்த உதட்டுக்கு என்ன வசனம் என்று அவளுக்குக் கேட்காமலே புரிந்தது.

மீட்டர் பட்டனை அழுத்திவிட்டார்.

"...என்ன நெனச்சுக்கிட்டு இருக்கா? என் வசனத்தை எண்ணிட்டுப் போயிருக்கா! புடவைக்கடையில மடிப்பு எண்ற மாதிரி!"

"அண்ணா."

"ஆறு வருஷமா எழுதறேன். ஓடிப்போறது, விஷம் வைக்கிறது, மாடிப்படில உருட்டி விடுறது. எல்லாத்தையும் தப்பில்லாம பேசினா. இது ஒன்னுதான் நிஜமா எழுதினேன்னு நெனச்சேன் பாப்பா. ஒரே ஒரு சீன்."

"அது நீங்க எழுதினது இல்லண்ணா."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

பாப்பாவுக்கே அந்த வார்த்தை வெளியே வந்தது பயமாக இருந்தது. ஆனாலும் மேலே போனாள். "நானும் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணியும் சொல்லியிருக்கக் கூடாது. நீங்களும் எழுதியிருக்கக் கூடாது. ஆரம்பிச்சது நான். இதை நான் பேச மாட்டேன். வேற ஆளைக் கூப்பிட்டீங்கன்னா, கூப்பிடுங்க. உங்க வீட்ல இருந்துகிட்டு அதைத் தடுக்க என்னால முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க."

தாளின் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து, திரையில்லாமல், சாதாரணக் குரலில் படித்தாள்.

"என்கிட்ட நம்பிச் சொன்னதை நான் காப்பாத்தல. வெளியே சொல்லிட்டேன். அப்புறம் எந்த முகத்தோட வர்றது? அதான் வரல."

மீட்டர் தன் முன்னாலிருந்த தாளில் விரல் வைத்துத் தேடினார். "பேப்பர்ல இது இல்லையே" என்றவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முள்ளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கென்ன, லெவல் சரியா இருக்கு."

அண்ணன் ஹெட்போனை எடுத்து மாட்டினார். பைலட்டை இன்னொரு முறை போடச் சொன்னார். உதட்டைப் பார்த்தார். விரலால் மேசையில் தட்டினார்.

"மூணுல உதடு மூடுது. 'நம்பி' அங்க வருது. சரி." அவர் குரலில் எந்த உணர்ச்சியும் இல்லை. "நாலுக்கு முன்னாடி ஒரு பெரிய இடைவெளி விட்டிருக்கா. அங்க நீயும் நில்லு. அவசரப்படாத. எட்டுல திரும்பிடறா, அதுக்கப்புறம் முதுகுதான், பிரச்சினை இல்ல. 'வெளியே' வேணாம், 'எல்லார்கிட்டயும்'னு சொல்லு."

"எல்லார்கிட்டயும் சொல்லல. அண்ணிகிட்ட மட்டும்தான்."

"இன்னைக்கு எட்டரைக்குப் போயிருந்தா எல்லார்கிட்டயும்தான்." அவர் எழுந்து குடையை எடுத்தார். "டைரக்டர்கிட்ட நான்தான் மாத்தினேன்னு சொல்லிடறேன். டைட்டில்ல மட்டும் இன்னைக்கு என் பேர் வேணாம்."

"அண்ணா, எதுக்கு..."

"நான் எழுதாததுக்கு என் பேர் எதுக்கு? நீயே சொன்னியே." கதவருகில் நின்றார். திரும்பவில்லை. "அழுதுட்டே பேசாத. பேசிட்டு அழு. அப்பத்தான் வார்த்தை கேக்கும்."

பாப்பா பேசினாள். ஒரே டேக். பேசி முடித்த பிறகு அழச் சொல்லியிருந்தார். அழுகை வரவில்லை. மீட்டர் பழைய காட்சியிலிருந்து ஒரு விம்மலை எடுத்து ஒட்டிக்கொண்டார்.

*

வெளியே வந்தபோது மதியம் ஒன்றரை. தெருமுனை டீக்கடையில் நேற்றைய பகுதியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் பிஸ்கட் ஜாடிகளுக்கு நடுவே சின்ன டிவி. அதில் மூஞ்சி, பாப்பாவின் குரலில், யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேர் கண்ணாடி டம்ளரோடு அண்ணாந்து நின்றார்கள்.

"ஒரு டீ" என்றாள் பாப்பா.

"சத்தமா சொல்லும்மா, சீரியல்ல ஒன்னும் கேக்க மாட்டேங்குது" என்றார் கடைக்காரர்.

சத்தமாகச் சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியில் ஒரு அழுகையும் கடையில் ஒரு டீயும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எப்போதும் அவளுக்கு இது ஒரு ரகசிய விளையாட்டு மாதிரி இருக்கும். மூஞ்சியிடம் சொல்லிச் சிரிப்பாள். இன்று சொல்ல ஆளில்லாததால் அது விளையாட்டாக இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தாள்.

மூஞ்சியின் வீட்டுக்குப் போகலாமா என்று இரண்டு பேருந்து நிறுத்த தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். போய் என்ன சொல்வது? ஆறு வருஷமாக அவள் சார்பில் மன்னிப்பு கேட்டிருக்கிறாள். மாமனாரிடம், கணவனிடம், கடவுளிடம், ஒரு தடவை ஒரு பாம்பிடம்கூட. தன் சார்பில் அவளிடம் எப்படிக் கேட்பது என்று வரவில்லை.

போகவில்லை.

*

எட்டரைக்குக் கூடத்தில் பாப்பாவும் அண்ணியும் மட்டும். அண்ணன் மூன்று மணியிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். சாப்பிடவும் வரவில்லை.

"என்ன சொன்ன அவர்கிட்ட?" என்று அண்ணி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"அவர்கிட்டயே கேளுங்க அண்ணி."

"அவர் உன்கிட்ட கேளுன்றார். நான் என்ன ரெண்டு வீட்டுக்கு நடுவுல சுவரா?"

டைட்டில் ஓடியது. வசனம் என்று வர வேண்டிய இடத்தில் எதுவும் வராமல் அடுத்த பெயருக்குத் தாவியது. அண்ணி நிமிர்ந்தாள். பாப்பாவைப் பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

விளம்பரங்களுக்கு நடுவே கதை நகர்ந்தது. கடைசியில் வாசல் வந்தது.

"அன்னைக்கு நீ ஏன் வரல?"

மூஞ்சியின் உதடு திறந்தது. பாப்பாவின் குரல் வந்தது.

"என்கிட்ட நம்பி..."

அங்கே அந்த இடைவெளி. ஸ்டுடியோவில் அது இவ்வளவு நீளமாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு டிவியிலும் மாடி வீட்டு டிவியிலும் அதே மௌனம். கட்டிடமே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

"...சொன்னதை நான் காப்பாத்தல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் எந்த முகத்தோட வர்றது? அதான் வரல."

முதுகு குலுங்கியது. சிநேகிதி கதவை அகலமாகத் திறந்தாள். "உள்ளே வா. வாசல்ல நிக்காத."

அண்ணி தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன் அடிக்கிற வசனத்தை எடுத்துட்டாரா?" என்றாள் மெதுவாக. "நல்லதுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "உனக்காக எடுத்தாரா, அவளுக்காகவா?"

பாப்பாவுக்கும் அது தெரியவில்லை.

முடிவு இசை ஓடும்போதே கைபேசி அதிர்ந்தது. திரையில் பெயர்: மூஞ்சி.

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு அறையில் அதே முடிவு இசை, இங்கே கேட்டதற்கு இரண்டு நொடி பின்னால், ஓடிக்கொண்டிருந்தது. அவளும் தனியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"பார்த்தேன்" என்றாள் மூஞ்சி. மைக் இல்லாத, கொஞ்சம் கரகரத்த, சொந்தக் குரல்.

"ம்."

"யார் எழுதினது?"

"நான்."

"அதான் பார்த்தேன். உங்க அண்ணன்னா ஒரு 'ஐயோ'வாவது இருந்திருக்கும்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

"மூணுல நின்னுட்ட" என்றாள்.

"அதைத் தாண்ட முடியலடி. தாண்ட முடியும்னு நெனச்சுத்தான் எண்ண ஆரம்பிச்சேன்."

இரண்டு பக்கமும் இசை முடிந்தது. முதலில் இங்கே, பிறகு அங்கே.

"கோவமா இருக்கியா?" என்று கேட்டாள் பாப்பா.

"இருக்கேன். இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கேன். அவ்வளவுதான்." மூஞ்சி மூச்சை இழுத்துவிட்டாள். "அடுத்த சீசன்ல நானே பேசறேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். நேத்தே சொல்லிட்டேன். இப்ப மாத்தலாமான்னு யோசிச்சேன். மாத்தப் போறதில்ல. அதை நீ வேற யார் வாயிலயும் கேக்கக் கூடாதுன்னுதான் போன் பண்ணேன்."

பாப்பா சுவரில் சாய்ந்தாள். ஆறு வருஷம். நாளைக் காலையிலிருந்து அவளுக்குப் பேச ஒரு முகம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கும் உன் குரல்" என்றாள். பொய் இல்லை.

"தொண்டை."

"சொல்லு."

"இன்னொன்னு இருக்கு. ரெண்டு வாரமா இருக்கு. நடிப்பு சம்பந்தப்பட்டது இல்ல. உங்க அண்ணன் சம்பந்தப்பட்டது. யார்கிட்ட சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். கடைசில உன் பேர்தான்டி வருது. எனக்கே எரிச்சலா இருக்கு."

பாப்பா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

கூடத்தில் விளம்பரச் சத்தம் குறைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணி ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே, ஒலியை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். பூஜ்யம் வந்தது. திரையில் யாரோ சோப்பை உயர்த்திப் பிடித்துச் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அறைக் கதவுக்கு அடியில், விளக்கு வெளிச்சத்தில், இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது.

"இரு" என்றாள் பாப்பா போனில். "இப்ப சொல்லாத."

செருப்பைக்கூடப் போடாமல் வாசற்கதவைத் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்தினாள். மூன்று மாடி இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் கதவுக்குப் பின்னால் பேச்சுக்குரல். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் தாண்டி நடந்தாள். தெரு ஈரமாக இருந்தது. காலில் சிறு கற்கள் குத்தின. அந்தப் பக்கம் மூஞ்சி ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

கடைசி விளக்குக்கம்பத்துக்கும் அப்பால், ஜன்னல்களே இல்லாத ஒரு நீளச் சுவருக்குப் பக்கத்தில், பாப்பா நின்றாள். முன்னும் பின்னும் பார்த்தாள். யாரும் இல்லை.

"இப்ப சொல்லு" என்றாள்.